ரிப்போர்ட் நார்மல், அக்காவுக்கு வழி தெரியவில்லை



போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "பெரியம்மாவுக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் நார்மல்" என்று ஒரு ரிப்போர்ட் வந்தது. ஆளுக்கொரு கைகூப்பும் போட்டீர்கள். ரத்தச் சிவப்பணுவின் என்சைம்களை அளக்கும் "ஞாபகசக்தி பேக்கேஜ்" அது. மறுநாள், ஐம்பது வருஷமாக நடந்த மேலநீலிதநல்லூர் தெருவில் நின்றுகொண்டு, "எய்யா, எங்க வீடு எந்தப் பக்கம்?" என்று அக்கா கேட்டாள். யாரிடம்? கூடப் பிறந்த என்னிடம்.

பாசத்தில் பணம் கட்டிய பிள்ளை மேல் எனக்குக் கோபமில்லை. விற்றவர்கள் மேல்தான் கோபம்.

வகுப்பில் நடத்தினேனே, மறந்துவிட்டதா? முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. புதிதாக என்சைம் செய்துகொள்ள அதனால் முடியாது. கைவசம் உள்ள இருப்பை வைத்துச் சுமார் 120 நாள் ஓட்டும். கேட்டலேஸ், சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் போன்றவற்றை முதியவர்களிடமும் அல்சைமர் நோயாளிகளிடமும் அளந்து பார்த்திருக்கிறார்கள். சில ஆய்வில் கூடியிருக்கிறது, சிலவற்றில் குறைந்திருக்கிறது. சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும்கூட அந்த எண்ணை மாற்றும். ஆராய்ச்சி நடக்கட்டும். அதற்குள் அதைத் தீர்ப்பாக்கி விற்கலாமா?

இன்னொன்று. அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் என்ற என்சைம் மூளையிலும் உண்டு, சிவப்பணுவின் மேலும் உண்டு. அல்சைமருக்குக் கொடுக்கும் டோனெபெசில் மாத்திரை அதைத்தான் தடுக்கிறது. பருத்திக்கு ஆர்கனோபாஸ்பேட் மருந்து அடித்தவர் ரத்தத்திலும் அதே என்சைம்தான் குறையும். அந்த எண்ணை மட்டும் பார்த்து மூளையைப் பற்றி என்ன சொல்வீர்கள்?

"அல்சைமருக்கு ரத்தச் சோதனை வந்துவிட்டதே சார்" என்பீர்கள். 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது டவ், அமிலாய்டு என்ற புரதங்களை அளப்பது. சிவப்பணு என்சைமை அல்ல. அதுவும் அறிகுறி உள்ளவர்களுக்கு, மருத்துவரின் மற்றப் பரிசோதனைகளோடு சேர்த்துத்தான்.

"வயசானா அப்படித்தான்" என்று ஒதுக்குவதும் இதே தப்புதான். பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும். கவனித்தால் சரிசெய்ய வழியுண்டு. காத்திருந்தால் அந்த வாய்ப்பும் போகும்.

திங்கட்கிழமை அக்காவை நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போகிறேன். பணம் அனுப்ப வேண்டாம். அவள் எப்போதிருந்து, எதையெல்லாம் மறக்கிறாள் என்று நீங்கள் பார்த்ததை எழுதி அனுப்புங்கள். யாராவது ஒருவர் கூட வாருங்கள்.