நிற்கும் மோட்டார் சொல்லும் செய்தி



இராயபுரம் மீன்பிடித் துறைமுகத்தை அடுத்த ஐஸ் கம்பெனிகள் முதல் திருவொற்றியூர் லேத் பட்டறைகள், எண்ணூர்த் தொழிற்சாலைகள் வரை, நம் வடசென்னைக் குடும்பங்கள் பலவற்றில் அடுப்பு எரிவது எங்கோ ஒரு மோட்டார் சுழல்வதனால்தான். மோட்டார் நின்றால் வேலை நிற்கும், கூலியும் நிற்கும். எனவேதான், "எப்படியாவது ஓட வை" என்னும் அவசரக் குரல் எழுகின்றது. அந்த 'எப்படியாவது' உயிருக்கு உலை வைக்கும் சொல். அதைப் பற்றியே இம்மாதம் சிந்திக்க விழைகிறோம்.

மோட்டாரை இயக்கும் ஸ்டார்ட்டருக்குள் இரண்டு பாதைகள் உண்டு. மூன்று பேஸ் மின்சாரத்தை மோட்டாருக்குச் சுமந்து செல்வது பெரும்பாதை. அதைத் திறக்கவும் மூடவும் ஆணையிடுவது கட்டளைப் பாதை. இது பியூஸில் தொடங்கி, ஓவர்லோடு ரிலேயின் 95, 96 முனைகள், சிவப்புப் பொத்தான், பச்சைப் பொத்தான் ஆகியவற்றைக் கடந்து காண்டாக்டரின் காயிலை அடைகின்றது. பச்சைப் பொத்தானை விட்ட பின்னரும் காயில் பிடித்து நிற்க, 13, 14 எனக் குறித்த துணைத் தொடுமுனை உதவுகின்றது.

இவ்வளவு தெரிந்தால், கோளாறு தானே பேசத் தொடங்கும். பொத்தானை அழுத்தியும் 'டக்' என்னும் ஓசை எழவில்லையா? குற்றம் பெரும்பாலும் கட்டளைப் பாதையில். அழுத்தும்போது ஓடி, விட்டதும் நிற்கின்றதா? 13, 14 முனைகளையோ அவற்றின் கம்பியையோ பார்க்க வேண்டும். காண்டாக்டர் படபடவென்று அடித்துக்கொள்கின்றதா? மின்னழுத்தம் குறைந்திருக்கலாம், இணைப்பு தளர்ந்திருக்கலாம், காந்த முகத்தில் அழுக்குப் படிந்திருக்கலாம். மெயினை நிறுத்திப் பியூஸ்களைக் கழற்றிய பின், மீட்டரைக் கொண்டு ஒவ்வொரு முனையாகத் தொடர்பைச் சோதித்து வந்தால், அறுந்த இடம் தானே வெளிப்படும். ஊகித்துப் பத்துக் கம்பிகளைக் கழற்றுவதைவிட, முறையாக நான்கு இடங்களைச் சோதிப்பது விரைவானது.

கைதேர்ந்தவரையும் ஏமாற்றும் கோளாறு ஒன்று உண்டு. நம் பட்டறை ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் காயில் இரண்டு பேஸ்களுக்கு இடையே, 415 வோல்ட்டில் இணைக்கப்பட்டிருக்கும். மூன்றாவது பேஸின் பியூஸ் போனாலும் காண்டாக்டர் வழக்கம்போல் இழுக்கும். மோட்டாரோ சுழலாமல் உறுமும். ஓடிக்கொண்டிருக்கையில் அந்த பேஸ் போனால் மோட்டார் பெரும்பாலும் நிற்காது. எஞ்சிய இரு கம்பிகளில் மின்னோட்டம் ஏறத்தாழ 1.7 மடங்காக ஏறும். சற்று நேரத்தில் ஓவர்லோடு ரிலே அதை நிறுத்தும். உடனே, "ரிலே கெட்டுவிட்டது" என்று தீர்ப்பு எழுதி, 95, 96 முனைகளை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுகின்றனர் சிலர். சிலர் காண்டாக்டரை மரக்கட்டையால் அழுத்திப் பிடிக்கின்றனர். சிலர் பியூஸில் தடித்த கம்பியைச் சுற்றுகின்றனர். மோட்டார் ஓடும்; வைண்டிங் கருகும்; தீயும் பிடிக்கலாம். காவலாளியின் வாயைக் கட்டிவிட்டு வீட்டில் திருடனில்லை என்பது போன்றதன்றோ இது?

நம் பகுதிக்கெனத் தனிச் சோதனையும் உண்டு. உப்புக்காற்று தொடுமுனைகளை அரிக்கின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெயும் பரவியது. இத்தகைய நீரில் மூழ்கிய மோட்டாரை, வெயிலில் காயவைத்த மாத்திரத்தில் ஓட்டிப் பார்த்தல் தகாது. உப்பை நல்ல நீரால் கழுவி, நன்கு உலர்த்தி, 500 வோல்ட் மெக்கரில் குறைந்தது 1 மெகா ஓம் காட்டிய பின்னரே இணைக்க வேண்டும். மூழ்கிய ரிலேயையும் பிரேக்கரையும் மாற்றிவிடுவதே நன்று.

பெட்டியைத் திறக்குமுன் மெயினை நிறுத்திப் பூட்ட வேண்டும். கழற்றிய பியூஸ்கள் வேலை செய்பவரின் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். நீர்த்தொட்டியின் மிதவைச் சுவிட்சு போன்றவற்றின் வழியே வேறொரு பெட்டியிலிருந்தும் மின்சாரம் வந்திருக்கக்கூடும். மெயினை நிறுத்தினாலும் அக்கம்பி உயிரோடுதான் இருக்கும். ஆதலால், மின்சாரம் உள்ள இடத்தில் முதலில் மீட்டரைச் சோதித்து, பின் வேலை செய்யும் இடத்தில் சோதித்து, மீண்டும் முதலிடத்தில் சோதிக்க வேண்டும். இத்தனையும் பயிற்சியும் சான்றிதழும் பெற்ற கம்பியாளரின் வேலை. உதவிக்கு வந்த பையனுடையதன்று.

முதலாளியாய் இருப்போர் காரணம் காண அரைமணி நேரம் கொடுக்கட்டும். தொழிலாளியாய் இருப்போர் அதைக் கேட்டுப் பெறட்டும். வேலை முடிந்து வீடு திரும்பும் மகனிடம், "ஓட வைத்தாயா?" என்பதோடு, "ஏன் நின்றது என்று கண்டாயா?" என்றும் பெற்றோர் கேட்பார்களாக.