சந்தையில் போய்விடுமா?

தியானப் பகுதி: லேவியராகமம் 19:14, சங்கீதம் 15



கடந்த ஞாயிறன்று காணிக்கையை எண்ணுகையில் 500 ரூபாய்க் கள்ளநோட்டு ஒன்று அகப்பட்டது. அதைப் போட்டவர் அறியாமலே போட்டிருக்கலாம். அவரைத் தேடும் எண்ணம் எனக்கில்லை. ஆனால், உடனிருந்த சகோதரர் ஒருவர், “சாயங்காலச் சந்தையில் கொடுத்தால் போய்விடும், ஐயா” என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு வாரம் முழுவதும் என்னை உறுத்தியபடியால் இதை எழுதுகிறேன்.

2016 நவம்பரில் புழக்கத்திற்கு வந்த 500 ரூபாய்த் தாளை எடுத்துப் பாருங்கள். வெளிச்சத்திற்கு நேரே பிடித்தால் காந்தியடிகளின் உருவம் நீர்க்குறியாகத் தெரியும். சற்றே சாய்த்தால் பாதுகாப்பு இழையின் பச்சை நிறம் நீலமாக மாறும். இவை கண்ணுள்ளோருக்கான அடையாளங்கள்.

இனி, கண்களை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். காந்தியடிகளின் உருவமும் அசோகத் தூண் சின்னமும் விரலுக்குத் தட்டுப்படும்படி மேடாக அச்சிடப்பட்டுள்ளன. இடது, வலது ஓரங்களில் ஐந்து சாய்கோடுகளும், வலப்பக்கம் ஒரு வட்டக் குறியும் உண்டு. 100 ரூபாய்த் தாளிலோ நான்கு கோடுகளும் முக்கோணக் குறியும் இருக்கின்றன. பார்வையற்றோர் தாளின் மதிப்பைத் தாமே அறிந்துகொள்ளும்படி செய்யப்பட்ட ஏற்பாடு இது.

குருடனின் வழியில் தடைக்கல் வைப்பதை லேவியராகமம் விலக்குகிறது. அங்கே தேவனுக்குப் பயப்படும் பயத்தையும் நினைப்பூட்டுகிறது. காரணம் தெளிவானது: வைத்தவன் யாரென்று விழுந்தவனுக்குத் தெரியாது, தேவனுக்குத் தெரியும். கள்ளநோட்டை மாற்ற நினைப்பவர் வங்கிக்குப் போவதில்லை. மங்கிய விளக்கின்கீழ் கீரை விற்கும் மூதாட்டியையே தேடிப் போகிறார். தாளைச் செய்தோர் பார்வை குன்றியவரை நினைத்துக் கோடு இட்டார்கள். நாமோ அவருடைய பார்வைக் குறைவையே நமக்கு வாய்ப்பாக்கிக்கொள்கிறோம்.

“நானும் ஏமாந்தவன்தானே?” என்று நீங்கள் கேட்கலாம். மெய்தான். வங்கியில் கொடுத்தால் முத்திரையிட்டுப் பறிமுதல் செய்து, ஒப்புகைச் சீட்டுத் தருவார்கள், பணம் தரமாட்டார்கள். கூலிக்கு உழைப்பவருக்கு 500 ரூபாய் சிறு தொகையன்று. ஆயினும் அதுவரை நீங்கள் ஏமாற்றப்பட்டவர். அறிந்தே அதைப் பிறர் கையில் வைத்த கணத்தில் நீங்களும் ஏமாற்றுகிறவர். சட்டமும் அதைக் குற்றம் என்கிறது. தனக்கு இழப்பு நேரிட்டாலும் சொல்லில் நிலைநிற்பவனையே 15ஆம் சங்கீதம் கர்த்தருடைய கூடாரத்திற்கு உரியவனாகக் காட்டுகிறது.

எனவே அந்தத் தாளை வங்கியில் ஒப்படைத்துவிட்டோம். காணிக்கைக் கணக்கிலும் அந்தக் குறைவை அப்படியே எழுதியிருக்கிறோம். உங்களில் எளியோர் எவருக்கேனும் இத்தகைய இழப்பு நேர்ந்தால் தயங்காமல் என்னிடம் வாருங்கள். அதைத் தனியே சுமக்க விடாமல் பகிர்ந்துகொள்வது சபையின் கடமை என்பது என் கருத்து.

ஜெபம்: ஆண்டவரே, எங்களுக்கு நேர்ந்த இழப்பை எங்களிலும் எளியவர்மேல் தள்ளிவிடாதபடி எங்கள் கைகளைக் காத்தருளும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.