பிரேசில்: வாக்குப்பெட்டியில் தோற்ற கொள்கை ஆட்சிக்கு வந்த விதம்

2014 அக்டோபரில் 5 கோடியே 40 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்று, இரண்டாவது முறையாக பிரேசிலின் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் தொழிலாளர் கட்சியின் தில்மா ரூசெஃப். 2016 ஆகஸ்ட் 31 அன்று செனட் சபை 61க்கு 20 என்ற வாக்கு விகிதத்தில் அவரைப் பதவியிலிருந்து அகற்றியது. அவர் கையூட்டுப் பெற்றார் என்பதல்ல குற்றச்சாட்டு. அரசு வங்கிகளுக்குச் சேர வேண்டிய தொகையைக் காலம் தாழ்த்தி, நிதிநிலைக் கணக்கை அழகுபடுத்திக் காட்டினார் என்பதும், நாடாளுமன்ற ஒப்புதலின்றிக் கூடுதல் செலவுக்கு ஆணையிட்டார் என்பதுமே. இந்நடவடிக்கையைத் தொடங்கி வைத்த கீழவைத் தலைவர் எடுவார்டோ குன்யாவோ, அதே ஆண்டு அக்டோபரில் ஊழல் வழக்கில் கைதானார்!

உண்மைக் காரணத்தை, துணை ஜனாதிபதியாக இருந்து ஆட்சியைக் கைப்பற்றிய மிஷெல் டெமரே வெளிப்படுத்திவிட்டார். தமது கட்சி 2015இல் முன்வைத்த தாராளமயத் திட்டத்தை ரூசெஃப் ஏற்க மறுத்ததே பதவி நீக்கத்துக்கு இட்டுச் சென்றது என்று, 2016 செப்டம்பரில் நியூயார்க்கில் முதலீட்டாளர்கள் முன்னிலையில் அவர் பேசினார். மக்களிடம் வாக்குக் கேட்டுப் பெறாத திட்டம் அது.

அத்திட்டம் விரைந்து நிறைவேறியது. ஆழ்கடல் எண்ணெய் வயல்கள் அனைத்திலும் அரசு நிறுவனமான பெட்ரோப்ராஸ் பங்கேற்க வேண்டும் என்ற விதி 2016 நவம்பரில் நீக்கப்பட்டது. டிசம்பரில், மத்திய அரசின் செலவினம் 20 ஆண்டுகளுக்குப் பணவீக்க அளவுக்கு மேல் உயரக் கூடாது என அரசமைப்புச் சட்டமே திருத்தப்பட்டது. கல்வியும் மருத்துவமும் அந்தச் சுருக்குக்குள் சிக்கின. 2017 ஜூலையில் வந்த தொழிலாளர் சட்டம், சட்டப் பாதுகாப்புகள் பலவற்றை விட நிர்வாகத்துடனான ஒப்பந்தமே மேலானது என்றாக்கியது. வேலை இருக்கும் நேரத்துக்கு மட்டும் கூலி தரும் முறைக்கு அனுமதி அளித்தது. தொழிற்சங்கங்களின் நிதி ஆதாரத்தை வெட்டியது.

ரூசெஃப் விலகினால் முதலீட்டாளர்களின் நம்பிக்கை திரும்பும், வேலைவாய்ப்பு பெருகும் என்று பெருமுதலாளித்துவ ஊடகங்கள் உறுதி கூறின. ஆனால் 2017இன் முதல் காலாண்டில் வேலையற்றோர் எண்ணிக்கை 1 கோடியே 40 லட்சத்தைத் தாண்டியது. அரசியல் விளைவு இன்னும் கொடியது. 2018 ஏப்ரலில் லூலா சிறையில் அடைக்கப்பட்டார். போட்டியிடும் உரிமையும் மறுக்கப்பட்டது. ரூசெஃபுக்கு எதிரான தமது வாக்கை, இராணுவ ஆட்சிக்கால சித்திரவதை முகாமின் தலைவனுக்குக் காணிக்கையாக்கிய போல்சனாரோ, அவ்வாண்டே தேர்தலில் வென்றார்.

எனினும் பழியை எதிரியின் மீது மட்டும் சுமத்திவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. 513 உறுப்பினர் கொண்ட கீழவையில் தொழிலாளர் கட்சிக்கு ஏழில் ஒரு பங்கு இடங்கள்கூட இல்லை. முதலாளித்துவக் கூட்டாளிகளின் தயவில்தான் ஆட்சி நடந்தது, அவர்களே கவிழ்த்தார்கள். அதற்கும் மேலாக, சிக்கனக் கொள்கையை எதிர்த்து வாக்குப் பெற்ற ரூசெஃப், 2015இல் வங்கித் துறையைச் சேர்ந்த ஜோக்கிம் லெவியை நிதியமைச்சராக்கி, அதே சிக்கனத்தைத் தாமே தொடங்கினார். வாக்களித்த உழைப்பாளிகள் சோர்ந்தனர். நெருக்கடி வந்தபோது, அதைத் தடுத்து நிறுத்தும் அளவுக்கு வீதியில் பலம் திரளவில்லை. 2017 ஏப்ரல் 28 அன்று நாடே ஸ்தம்பிக்கும் பொது வேலைநிறுத்தத்தைத் தொழிலாளி வர்க்கம் நடத்தியது. ஆனால் அதற்குள் ஆட்சி கைமாறியிருந்தது.

லூலா மீண்டும் ஆட்சிக்கு வந்தபின், 2023இல் செலவின உச்சவரம்பு மாற்றப்பட்டது. தொழிலாளர் சட்டமோ பெருமளவு அப்படியே நீடிக்கிறது. பறிபோன உரிமையைத் தேர்தல் வெற்றி தானாகத் திருப்பித் தருவதில்லை. தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை எதிர்த்துப் போராடிவரும் நாம் மனதில் நிறுத்த வேண்டிய பாடம் இது: ஆட்சியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அணிதிரண்ட மக்களே இடதுசாரிகளின் ஒரே அரண்.