இட்லித்துணி டெக்னிக்கும் மாமாவின் இதயமும்

போன வாரம் மாமா ஒரு வாட்ஸப் ஃபார்வர்டு அனுப்பியிருந்தார். "ஜப்பானில் இதயத்துக்கு ஒட்டுப் போடும் அதிசயத் தோல்! இனி ஆபரேஷனே வேண்டாம்!" கீழே அவர் கைப்பட ஒரு வரி: "மாப்ளே, இது நம்ம ஊர்ல கிடைக்குமா பாரு." அட்டாக்குக்கு அப்புறம் மாடிப்படி ஏறவே யோசிக்கிற மனுஷன். சும்மா ஒரு கட்டைவிரலைக் காட்டிட்டுப் போக மனசு வரலை. ரெண்டு ராத்திரி உட்கார்ந்து படிச்சேன்.

முதல்ல டெக்னிக். அது நிஜமாவே அழகு. துணி போட்டு இட்லி ஊத்தியிருக்கீங்களா? தட்டைக் கவிழ்த்து, துணி மேல தண்ணி தெளிச்சு உரிச்சா இட்லி முழுசா வரும். கரண்டியால சுரண்டினா பிஞ்சுடும். ஆய்வகத்துல வளர்க்கிற செல்லுக்கும் இதே கதைதான். தட்டுல ஒட்டி வளரும். அதைப் பிரிக்க டிரிப்சின்னு ஒரு என்சைம் ஊத்துவாங்க. அது செல்லுங்க ஒண்ணையொண்ணு பிடிச்சிருக்கிற புரதத்தையும் சேர்த்து வெட்டிடும். கிடைக்கிறது உதிரி செல்தான்.

டோக்கியோ பெண்கள் மருத்துவப் பல்கலைக்கழகத்துல தெருவோ ஒகானோ குழு 1990 வாக்கில் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. தட்டு மேல மெல்லிசா ஒரு பாலிமர் பூச்சு, சுருக்கமா பிநிபாம். சர்க்கரை சூட்டுல கரையும், இது தலைகீழ். சுமார் 32 டிகிரிக்கு மேல தண்ணியை உதறிச் சுருங்கும், கீழே போனா தண்ணியைக் குடிச்சு உப்பும். 37 டிகிரியில செல் ஒட்டி வளரும். 20 டிகிரிக்குக் குளிர வைச்சா, என்சைமே இல்லாம முழுசா ஒரு தாளா உரிஞ்சு வரும். அடியில சுரந்த பசையும் கூடவே வரும், அதனால தையல்கூட இல்லாம ஒட்டிக்கும்.

இதை வைச்சு நிஷிதா குழு 2004-ல நாலு பேருக்குக் கண்ல செஞ்சாங்க. அவங்கவங்க வாயின் உள்தோல்ல இருந்து செல் எடுத்து, தாளா வளர்த்து, கருவிழியில வைச்சாங்க. நாலு பேருக்கும் பார்வை தேறுச்சு. இந்த வாய்த்தோல் முறைக்கு ஜப்பான் 2021-ல அனுமதியும் கொடுத்துச்சு.

சரி, மாமாவோட மேட்டருக்கு வருவோம். இதே வழியில தொடைத் தசை செல்லைத் தாளாக்கி இதயத்து மேல ஒட்டறதுதான் ஹார்ட்ஷீட். டெருமோ கம்பெனியோடது. நெஞ்சைத் திறந்துதான் ஒட்டணும், ஆபரேஷன் வேண்டாம்கிறது சுத்தப் பொய். 2015-ல நிபந்தனையோட அனுமதி கிடைச்சுது. எத்தனை பேர்கிட்ட சோதிச்சு? ஏழே பேர்! ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் கிடையாது. விலை சுமார் ஒன்றரைக் கோடி யென். 2024 ஜூலையில நிபுணர் குழு, பலன் நிரூபணமாகலைன்னு சொல்லிடுச்சு. கம்பெனியும் விற்பனையை நிறுத்திடுச்சு.

நம்ம தொழில்ல பீட்டா வெர்ஷனை ரிலீஸ் பண்ணிட்டு, கஸ்டமரையே டெஸ்ட் பண்ண வைப்போம் இல்லையா? அதேதான் இது. ஆனா நம்ம பக் வந்தா ஸ்கிரீன் தொங்கும், அவ்வளவுதான். சாகக் கிடக்கிறவனுக்கு வேற வழியில்லை, சீக்கிரம் கொடுங்கன்னு சொல்ற நியாயம் எனக்குப் புரியுது. ஆனா சோதனை முடியாத மருந்துக்கு முழு விலை வாங்கறது நியாயமே இல்லை. கெடு வைச்சு, கெடு முடிஞ்சதும் கணக்குக் கேட்டு, திரும்ப வாங்கினாங்களே, அந்த ஒரு விஷயத்துக்காக ஜப்பானைப் பாராட்டலாம்.

செல் தட்டை விட்டு அழகா உரிஞ்சு வர்றது ஒரு வெற்றி. நோயாளி எழுந்து நடக்கிறது வேற வெற்றி. பிநிபாம் முதல் பரீட்சையில எப்பவோ பாஸ். கருவிழியில ரெண்டாவதும் பாஸ். இதயத்துல, அந்தத் தொடைச் செல்லை வைச்சு, பாஸாகலை. ஃபார்வர்டு எழுதறவங்க முதல் மார்க்கைக் காட்டியே மூணு பாடத்துக்கும் ரிசல்ட் போட்டுடறாங்க.

மாமாவுக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அப்ப மாத்திரையே போட்டுக்கறேன்டா"ன்னார். அந்த ஃபார்வர்டை எழுதின புண்ணியவான் அந்தக் குரலைக் கேட்டிருக்கணும்.

பி.கு: இட்லி உதாரணம் அம்மாவுக்குப் பிடிச்சிருந்தது. பாலிமர் பெயர்தான் பிடிக்கலையாம் :-)