பார்க் எக்ஸ் குறிப்புகள்: பற்றறியில் பழி போட்ட கதை

இரண்டு கிழமையாக இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. தீசிஸ் ஒரு காரணம். மேல்வீட்டு மாமாவின்ரை போட் எஞ்சின் மற்றக் காரணம்.

மாமா மயிலிட்டிக்காரர். 1990இல் இடம்பெயர்ந்தவர். 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகத்தை விடுவித்த அன்று இரவு முழுக்க ஊருக்குப் ஃபோன் கதைச்சாராம். பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கிறவருக்கு இப்போதைய கடல், லசீன் பக்கத்து லக் சென் லூயி ஏரிதான். சின்ன அலுமினியப் போட், திறப்புப் போட்டு ஸ்ராட் பண்ணுற 25 குதிரைவலு அவுட்போர்ட்.

மே மாதம் முதல்முறை திறப்பைத் திருப்பினால் "உர்ர்... உர்ர்..." என்று முக்குது, பத்தவில்லை. மின்பொறியியல் மாஸ்ரர்ஸ் படிக்கிற தம்பி கீழ்வீட்டில் இருக்கேக்கை வேறை ஆரைக் கேட்கிறது? நானும் பெரிய ஆள் மாதிரி "பற்றறி முடிஞ்சுது மாமா" எண்டு சொல்லிட்டன். மனுசன் குளிர்காலம் முழுக்க அதை பேஸ்மென்றில் வைச்சு, சார்ஜ் போட்டு, பிள்ளை மாதிரிப் பார்த்தவர். ஆனாலும் என்னை நம்பிப் புதுசு வாங்கினார். பூட்டினோம். அதே "உர்ர்... உர்ர்..."

இது விளையாட்டில்லை. அந்த ஏரித் தண்ணி லசீன் ராப்பிட்ஸ் வழியாகத்தான் கீழே இறங்குது. நடுவில் எஞ்சின் நின்று திரும்பப் பத்தாவிட்டால் நீரோட்டம் எங்கே கொண்டுபோகும் என்று யோசியுங்கோ. மே மாதத் தண்ணியின்ரை குளிர் வேறை.

அடுத்த முறை மல்ரிமீற்றரோடு போனேன். (முதல்முறையே கொண்டுபோயிருக்க வேணும், திட்டாதேங்கோ.) போட் தரையில் நின்றதால் எஞ்சின் பத்தாமல் இருக்க பிளக் வயர்களைக் கழற்றி எர்த் பண்ணினோம். தண்ணியில்லாமல் ஓடினால் பம்பின் ரப்பர் சக்கரம் எரிஞ்சுபோகும்.

சும்மா இருக்கேக்கை பற்றறி 12.6 வோல்ட் காட்டும். அதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. எஞ்சின் முக்கிக்கொண்டிருக்கேக்கைதான் அளக்கவேணும். அளந்தால் 11.5. பற்றறி பழுது அல்லது எஞ்சின் இறுக்கம் என்றால் 9.6க்கும் கீழே விழுந்திருக்கும். விழவில்லையென்றால், ஸ்ராட்டர் கேட்கிற கரண்ட் அதுக்குப் போய்ச் சேரவேயில்லை! மீற்றரின் ஒரு முனையை பற்றறியின் நெகற்றிவ் தலையிலும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் வைத்து, திருப்பச் சொன்னேன். 2.3 வோல்ட். அரை வோல்ட்டுக்கு மேல் தொலையக்கூடாத இடம் அது.

எர்த் கேபிள் வெளியில் மினுமினுப்பாக இருந்தது. தோலை உரித்தால் உள்ளே பச்சைப் பூ பூத்த செம்பு, நல்ல கம்பி நாலைஞ்சுதான் மிச்சம். காஸ்பே பக்கம் கடலில் ஓடின எஞ்சினைத்தான் மாமா பழசாக வாங்கினவராம். உப்பு அங்கேயிருந்து கூடவே வந்திருக்கு. மொத்தக் கேபிள் புதுசு போட்டு, ஆட்டத்தில் தளர்கிற பட்டர்ஃபிளை நட்டுக்குப் பதில் ஸ்பானர் நட்டும் இறுக்கினோம். தண்ணியில் இறக்கி ஒரு திருப்புத்தான், பத்திட்டுது.

"ஊரில கயிற்றைச் சுத்தி இழுப்பம், உந்த வயர் கரைச்சல் ஒண்டுமில்லை" எண்டார் மாமா.

பழைய பற்றறிக்கு ஒரு குறையும் இல்லை. புதுசின்ரை காசைத் தாறன் எண்டன், வாங்கவில்லை. சனிக்கிழமை போட்டில் துடுப்புப் பிடிக்க மட்டும் வரச் சொல்லியிருக்கிறார்.