இருட்டைக் காக்கும் ஊர்

நியூசிலாந்தின் தென் தீவில் டெக்காபோவுக்கு வருகிறவர்களில் பலர் பகலில் வந்து பகலிலேயே கிளம்பிவிடுகிறார்கள். கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம். குயின்ஸ்டவுன் போகிற வழியில் பேருந்து நிற்கும். ஏரிக்கரையில் 1935இல் கட்டிய சின்னஞ்சிறு கல் தேவாலயத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஒரு காபியும் குடித்துவிட்டு ஏறிவிடுவார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இந்த ஊர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்து வைத்திருக்கும் சொத்தைப் பொழுது சாய்ந்த பிறகுதான் பார்க்க முடியும்.

பகலும் லேசுப்பட்டதல்ல. ஏரியின் நிறத்தைப் படங்களில் பார்த்தபோது யாரோ கணினியில் ஏற்றிய நீலம் என்று நினைத்திருந்தேன். நேரில் அதைவிட அழுத்தமாக இருந்தது. கரையில் குனிந்து உள்ளங்கையில் அள்ளினால் நீலமே இல்லை, லேசாகக் கலங்கிய தண்ணீர்தான். வடக்கே தெற்கு ஆல்ப்ஸ் மலையில் பனியாறுகள் பாறையை அரைத்து மாவாக்குகின்றன. காட்லி ஆறு அந்தக் கல்மாவை அடித்துவந்து ஏரியில் சேர்க்கிறது. சீக்கிரம் படியாத அந்த நுண்துகள்கள் வெயிலைச் சிதறடிப்பதால் வருகிறது அந்தப் பச்சை கலந்த நீலம்.

நான் போனது ஜூலைக் குளிரில். நவம்பர் கடைசியில் போனால் கரையெங்கும் ஊதாவும் இளஞ்சிவப்புமாக லூபின் பூத்திருக்கும். படத்துக்கு அழகுதான். ஆனால் அது வெளியிலிருந்து வந்த செடி. ஆற்றுப்படுகையின் கூழாங்கல் திட்டுகளில் அது வேரோடிவிட்டால், அங்கே முட்டையிடும் காக்கி என்ற கறுப்பு நெடுங்கால் உள்ளானுக்கு இடமில்லாமல் போகிறது. 1981இல் இயற்கையில் மிஞ்சியிருந்த வளர்ந்த காக்கிகள் வெறும் 23. பூவோடு நின்று படம் எடுக்கிறவர்களிடம் இதையும் யாராவது சொல்ல வேண்டும்.

அதே 1981இல்தான் இந்த வட்டாரம் விளக்குகளுக்கு விதி வகுத்தது. காரணம், ஊரை ஒட்டி நிற்கும் மவுண்ட் ஜான். 1,029 மீட்டர் உயரம். வானியலாளர் ஃபிராங்க் பேட்சன் 1960களின் தொடக்கத்தில் வானாய்வகத்துக்காகப் பல இடங்களைச் சோதித்துப் பார்த்து இதைத் தேர்ந்தெடுத்தார். 1965இல் ஆய்வகம் வந்தது, இன்று கேன்டர்பரி பல்கலைக்கழகம் அதை நடத்துகிறது. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று ஆல்ப்ஸ் மலையின் அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிடுகிறது, டெக்காபோ இருக்கும் மெக்கன்சி சமவெளிக்கு வந்து சேருவது வறண்ட காற்று. தெளிந்த வானத்தை மலை கொடுத்துவிட்டது. இருட்டை மட்டும் ஊர்க்காரர்கள்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

தங்கிய விடுதியின் வாசல் விளக்கைக் கிட்டே போய்ப் பார்த்தேன். தகர மூடிக்குள் பல்பு உள்ளடங்கி இருந்தது. எதிரில் நின்றால் கண்ணில் படாது. கீழே படியில் மட்டும் மஞ்சளாக ஒரு வட்டம். கால் இடறவில்லை, சாவித் துவாரம் தெரிந்தது. ஒரு வாசல் விளக்குக்கு இதற்கு மேல் என்ன வேலை? தெருவிளக்குகளும் அப்படியே தலை கவிழ்ந்து நிற்கின்றன. இந்த ஒழுக்கத்துக்குக் கிடைத்த அங்கீகாரம்தான் 2012இல் வந்தது. டெக்காபோவையும் ஆவோராகி மலையையும் சேர்த்து 4,300 சதுர கிலோமீட்டருக்கு மேல் சர்வதேச இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள்.

கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது பிடிக்கும். அதற்குள் யாராவது செல்போனைத் திறந்தால் மறுபடியும் முதலிலிருந்து. பழகியதும் உச்சியில் விருச்சிகம் தெரிந்தது, அதை ஊடுருவிக்கொண்டு பால்வீதி. தெற்கே இரண்டு வெண்திட்டுகள். மேகம் என்றுதான் நினைக்கத் தோன்றும், காற்றில் நகர்வதே இல்லை என்பதுதான் வித்தியாசம். மகெல்லன் மேகங்கள் என்று பெயர், இரண்டும் தனித்தனி விண்மீன் மண்டலங்கள். அடிவானத்தை ஒட்டி அகத்தியர் நட்சத்திரத்தையும் கண்டேன். நம் ஊரில் தை, மாசி இரவுகளில் தெற்கே தாழ்வாக வந்து சில மணி நேரத்தில் மறைந்துவிடும். இந்த அட்சரேகையில் அதற்கு அஸ்தமனமே கிடையாது, தென் துருவத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பால்வீதியின் மையம் குளிர்கால இரவுகளில் ஏறக்குறைய தலைக்கு மேலேயே வருவதால், ஜப்பானும் நியூசிலாந்தும் சேர்ந்து 2004இல் இங்கே 1.8 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை நிறுவின. அது தேடுவது இதைத்தான்: ஒரு நட்சத்திரத்துக்கு நேர் முன்னால் இன்னொன்று கடக்கும்போது, முன்னது தன் ஈர்ப்பால் பின்னதன் ஒளியைக் குவித்துப் பெரிதாக்கும். ஒளி ஏறி இறங்கும் அந்த நேரத்தில் நடுவே சின்னதாக ஒரு துள்ளல் தெரிந்தால், முன்னே போகும் நட்சத்திரத்துக்கு ஒரு கோள் இருக்கலாம். சிறிய கோளாக இருந்தால் அந்தத் துள்ளல் சில மணி நேரத்திலேயே முடிந்துவிடும். இப்படிப் பல கோள்கள் பிடிபட்டிருக்கின்றன. கீழே வாசல் விளக்குக்கு மூடி போட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் பங்கு உண்டு என்றே சொல்வேன்.

ஊர் வளர்கிறது, புது விடுதிகள் எழும்புகின்றன. முதலில் எனக்கும் கவலையாக இருந்தது. ஆனால் புதுக் கட்டடங்களுக்கும் அதே விதிதான் என்பதால், கூட்டம் பெருகினாலும் இருட்டு தாக்குப்பிடிக்கும் என்று நம்புகிறேன்.

போவதாக இருந்தால் ஒரு இரவாவது தங்குங்கள். மேகம் வந்தால் என்ன செய்வது என்று யோசித்து இரண்டாக வைத்துக்கொள்வது நல்லது. மவுண்ட் ஜான் சாலையை இரவில் பொதுமக்களுக்கு மூடிவிடுவார்கள், வழிகாட்டியோடுதான் ஏற முடியும். டார்ச் கொண்டுபோனால் சிவப்பு வெளிச்சம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். விமான டிக்கெட் போடுவதற்கு முன்னால் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் புரட்டி, அமாவாசை என்றைக்கு என்று பார்த்துவிடுங்கள்.