கூத்தாடப் படிக்கணுமா? படிக்கத்தான் வேணும்!

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். ராமநாதபுரம் பக்கம் ஏதோ ஒரு வீடு. பையன் தயங்கித் தயங்கி வாயைத் திறக்கிறான். “நாடகம், சினிமா சம்பந்தமா படிக்கலாம்னு இருக்கேன்ப்பா.” அப்பா பதில் சொல்வதற்குள் மாமா முந்திக்கொள்வார். “ஏன்டா மாப்ள, கூத்தாடுறதுக்கு எதுக்குடா காலேஜு?” இதையே வீட்டுப் பெண் சொல்லியிருந்தால் இந்தக் கேள்விகூட வராது. நேராக ஜாதகத்தைக் கையில் எடுத்துவிடுவார்கள்.

மாமா கெட்டவர் இல்லை. ஊரே நினைப்பதைத்தான் அவர் சொல்கிறார். ஆனால் ஊரே நினைக்கிறது என்பதற்காக ஒரு விஷயம் சரியாகிவிடாதே!

முதலில் கொஞ்சம் கடலைப் பார்க்க வேண்டும். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்ட் இதைவிடத் தூரம். அந்தக் கரையில் ‘நாடகமும் அரங்கியலும்’ என்பது பள்ளிக்கூடப் பாடம். சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் (இங்கே பத்தாவது, பிளஸ் டூ மாதிரி) தமிழ் மாணவர்கள் அதை எடுத்துப் பரீட்சை எழுதுகிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பில் உள்ள சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் அதிலேயே பட்டம் வாங்கலாம்.

இந்தக் கரையில்? பிளஸ் டூ பாடப் பட்டியலில் நாடகம் இல்லை. அரசுப் பள்ளிச் சிறப்பாசிரியர் என்றால் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல். தையலுக்கு டீச்சர் உண்டு, நாடகத்துக்குக் கிடையாது. மேடைக்கு மேடை ‘இயல், இசை, நாடகம்’ என்று முத்தமிழை முழங்குகிற மாநிலம் இது. மூன்றில் ஒன்று எங்கே தொலைந்தது என்று யாரும் தேடுவதாகத் தெரியவில்லை...

அந்தக் கரைக்கும் இது சும்மா வந்துவிடவில்லை. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கிராமத்து அண்ணாவிமாரை வளாகத்துக்குள்ளேயே அழைத்துவந்து மாணவர்களுக்குக் கூத்துப் பழக்கினார். விடிய விடிய ஆடுகிற கூத்தைச் சுருக்கி ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ என்று மேடையேற்றினார்கள். அந்த மாணவர்களில் ஒருவர் சி. மௌனகுரு. ‘இராவணேச’னில் இராவணனாக ஆடியவர். பிறகு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கி, கிழக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். பல்கலைக்கழகத்துக்குள் போனதால் கூத்து செத்துவிடவில்லை. கூத்துக்கு மரியாதைதான் கூடியது.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று அர்த்தம் இல்லை. போரும் அகதி வாழ்க்கையும் பார்த்த ஜனங்கள் அவர்கள். அத்தனைக்கும் நடுவில் நாடகத்தைப் பாடமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். உறைக்க வேண்டியது அதுதான்.

சரி, இந்தக் கரையில் நாடகமே இல்லையா? கொட்டிக் கிடக்கிறது! ராமநாதபுரம், சிவகங்கைக் கிராமத் திருவிழாக்களில் ‘வள்ளி திருமணம்’ இன்றும் ராத்திரி ஆரம்பித்து விடியும்வரை நடக்கிறது. ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது. சேர்ந்து நிற்பதே மேடையில்தான். ஆர்மோனியக்காரர் சுருதி பிடித்து, நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்கிவிட்டால் நேரம் போவதே தெரியாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) போட்டுக் கொடுத்த அஸ்திவாரம், அவர் போய் நூறு வருஷம் தாண்டியும் தாங்குகிறது. மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு பழகி, சூசன் சைசர் என்கிற அமெரிக்க ஆய்வாளர் 2005இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே போட்டுவிட்டார். இங்கே கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு அந்தப் புத்தகமும் தெரியாது, பக்கத்து ஊர் ஆர்மோனியக்காரரையும் தெரியாது.

அடுத்து மாமா எடுக்கும் பிரம்மாஸ்திரம்: “கமல் என்ன படிச்சாரு?” பரமக்குடிக்காரர், பள்ளிப் படிப்பையே முடிக்காதவர், உலகநாயகன் ஆகவில்லையா? ஆனார். எப்படி? டி.கே.எஸ். நாடக சபாவில் இருந்துதான். அந்த டி.கே.எஸ். சகோதரர்கள் கற்றுக்கொண்டது எங்கே? சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர்கள். பாய்ஸ் கம்பெனி என்றால் என்ன? சோறு போட்டு, தங்க இடம் கொடுத்து, பாட்டும் வசனமும் நடிப்பும் சொல்லிக் கொடுத்த இடம். அடியும் உதையும் நிறையவே உண்டு. ஆனாலும் அது பள்ளிக்கூடம். யாரும் வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. அந்தப் பள்ளிக்கூடங்களை மூடியாகிவிட்டது. அதில் படித்தவர்களைக் காட்டி ‘படிப்பு வேண்டாம்’ என்பது என்ன நியாயம்?

இப்போது அதற்குப் பதில் இருப்பது கோடம்பாக்கத்து உதவி இயக்குநர் வேலை. சம்பளம் வருகிறதோ இல்லையோ, சென்னையில் வருஷக்கணக்கில் ரூம் வாடகை கொடுத்துத் தாக்குப்பிடிக்க வேண்டும். பாம்பனில் அப்பா கடலுக்குப் போய் வந்தால்தான் அடுப்பு எரியும் என்கிற வீட்டுப் பிள்ளைக்கு அது முடியுமா? ‘நேரா ஃபீல்டுக்குப் போ’ என்பது வசதி இருப்பவனுக்கான அறிவுரை. இல்லாதவனுக்குக் கதவு குறைந்த கட்டணத்தில் நடக்கும் அரசுக் கல்லூரி ஒன்றுதான். பி.சி. ஸ்ரீராம் படித்தது தரமணி அரசுத் திரைப்படக் கல்லூரியில். அங்கே படித்து வந்த கூட்டம்தான் 1986இல் ‘ஊமை விழிகள்’ எடுத்துக் கோடம்பாக்கத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. மட்டக்களப்புப் பக்கம் அமிர்தகழியில் பிறந்த பாலுமகேந்திரா ஒளிப்பதிவு கற்றது புனே திரைப்படக் கல்லூரியில். படித்தால் கலை கெட்டுவிடும் என்பவர்கள் அவருடைய ‘வீடு’ படத்தைப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

இந்த மண்ணிலேயே ஓர் ஆள் உண்டு. பழைய ராமநாதபுரம் மாவட்டத்தின் மாரந்தையில் பிறந்து, இளையான்குடியில் படித்த கே.ஏ. குணசேகரன். சாதி தன்மேல் போட்ட காயங்களை ‘வடு’ என்று புத்தகமாக எழுதியவர். நாட்டுப்புறப் பாட்டைத் தெருவிலும் மேடையிலும் பாடியவர். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராகவும் தலைவராகவும் இருந்தவர். 2016இல் காலமானார். அந்தப் பாட்டும் அந்தக் கோபமும் வகுப்பறைக்குள் போனது ஒரு பல்கலைக்கழகம் கதவைத் திறந்ததால்தான். ஆனால் அந்தக் கதவு புதுச்சேரியில் இருக்கிறது, தரமணி ஏறக்குறைய 600 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

கதவு பக்கத்தில் இல்லாததற்கு இந்தக் கரை கொடுக்கும் விலை என்ன தெரியுமா? வெறும் லொக்கேஷனாகவே இருப்பது. ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) கதைக்கு ராமேஸ்வரத்து அகதிகள் முகாம் தேவைப்பட்டது. ‘சென்னை எக்ஸ்பிரஸ்’ (2013) இந்திப் பட ஹீரோவுக்குத் தாத்தாவின் அஸ்தியைக் கரைக்க ராமேஸ்வரம் தேவைப்பட்டது. 1964 புயலில் இடிந்த தனுஷ்கோடி சர்ச் பாட்டு எடுக்க வசதி. கேமரா வருகிறது, போகிறது. கேமராவுக்குப் பின்னால் நிற்க இந்த ஊர்ப் பிள்ளை எங்கே?

உள்ளூர் மீனவர்களையும் அகதிகளையும் நடிக்க வைத்து லீனா மணிமேகலை எடுத்த ‘செங்கடல்’ படத்துக்கு 2011இல் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போய்த்தான் வாங்க முடிந்தது. அந்தத் தீர்ப்பாயத்தையே 2021இல் கலைத்துவிட்டார்கள். நாளைக்கு ஒரு மீனவர் மகள் தன் அப்பாவின் கதையைப் படமாக எடுத்தால், எங்கே மனு போட வேண்டும், எந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்? அதுவும் சேர்ந்ததுதான் சினிமாப் படிப்பு. கேமரா பிடிப்பது மட்டும் அல்ல.

“எல்லாம் சரி, வேலை?” நியாயமான கேள்வி. ஆனால் கேட்க வேண்டிய இடம் பையன் இல்லை, அரசாங்கம். பள்ளிகளில் நாடக ஆசிரியர் பணியிடம் போட்டால் வேலை தானாக வரும். இசைக்கும் ஓவியத்துக்கும் போட்டவர்களுக்கு இது தெரியாதா என்ன?

கோரிக்கை பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அவற்றில் ஓர் அரசுக் கல்லூரியிலாவது நாடகத்துக்கும் சினிமாவுக்கும் மூன்று வருஷப் பட்டப்படிப்பு வேண்டும். அதில் சொல்லிக்கொடுக்க ராஜபார்ட்டும் பபூனும் ஆர்மோனியக்காரரும் வர வேண்டும், சான்றிதழ் கேட்காமல், முழுச் சம்பளத்தில். பெண் பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் வேண்டும். பிளஸ் டூவில் நாடகம் விருப்பப் பாடமாக வேண்டும்.

30 கிலோமீட்டர் தள்ளி, இதைவிட எவ்வளவோ கஷ்டமான காலத்தில், தமிழிலேயே செய்து காட்டிவிட்டார்கள். இங்கே முடியாது என்பவர்கள் காரணத்தைச் சொல்லட்டும்.